கையெழுத்துப் போடலாமா? அறுவையின்றி இருதயத்திற்கும் காலுக்கும் கதீட்டர் சிகிச்சை: உலு திராம் குடும்பங்கள் அறிந்து வைத்திருக்க வேண்டியவை

"அப்பாவுக்கு இருதயத்தில் அடைப்பு. கை வழியாகக் குழாய் விட்டு பலூன் வைக்கணுமாம். கையெழுத்துப் போடச் சொல்றாங்க." மருத்துவமனை அவசரப் பிரிவிலிருந்து இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வராத இந்தியக் குடும்பம் இன்று குறைவு. அழைப்பு வந்தவுடன் வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரியும். உடனே செய்யட்டும் என்பார் ஒருவர். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரட்டும், பிறகு பார்க்கலாம் என்பார் இன்னொருவர். அந்த நேரத்தில் கடிகாரம் நிற்பதில்லை, இருதயத் தசையும் காத்திருப்பதில்லை.

உலு திராம் தோட்டத்திலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் வாழும் நம் மக்களுக்கு இந்தச் சிகிச்சை என்ன, எப்போது அவசரம், எப்போது யோசிக்க நேரம் இருக்கிறது, செய்த பிறகு என்ன கவனிக்க வேண்டும் என்பதை எளிமையாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நமக்கு ஏன் அதிகக் கவனம் தேவை?

மலேசியாவில் மருத்துவ ரீதியில் உறுதிப்படுத்தப்பட்ட மரணங்களுக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்றாகப் பல ஆண்டுகளாக இருந்து வருவது இருதய இரத்தக்குழாய் நோய். 2022-ஆம் ஆண்டில் இத்தகைய மரணங்களில் 16.1 விழுக்காடு இந்நோயால் நேர்ந்ததாகப் புள்ளிவிவரத் துறை அறிவித்தது.

இந்நோய்க்கு வாசல் திறந்து விடுவது இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. அதாவது நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

வயதும் ஒரு கவலை. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதைக் கண்டறிந்தது. மற்ற இனத்தவருக்கு அது 58 வயதை ஒட்டி வந்தது. பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் வயது, வீட்டுக்கடன் முடியாத வயது அது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: புகைத்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம், இனிப்பு நீர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவாக உண்பது, உடற்பயிற்சியின்மை, மது ஆகிய ஒன்பது காரணங்களே பெரும்பாலான மாரடைப்புகளுக்கு அடிப்படை. இவற்றில் பெரும்பாலானவை நம் கையில் இருப்பவை.

கதீட்டர் என்றால் என்ன?

கதீட்டர் என்பது மெல்லிய, வளையக்கூடிய நீண்ட குழாய். இருதயச் சிகிச்சைக்குப் பயன்படுவது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. மணிக்கட்டிலோ தொடை மடிப்பிலோ உள்ள இரத்தக்குழாய் வழியாக அதை உள்ளே செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே இருதயம் வரை கொண்டு செல்கிறார்கள். நெஞ்சைப் பிளப்பதில்லை. முழு மயக்கம் பெரும்பாலும் கொடுப்பதில்லை. குழாய் நுழையும் இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். நோயாளி விழித்திருப்பார், மருத்துவரோடு பேசவும் முடியும்.

இதில் மூன்று சொற்கள் அடிக்கடி குழப்பம் தருகின்றன.

ஆஞ்சியோகிராம்: இது பரிசோதனை. கதீட்டர் வழியாகச் சாயத்தைச் செலுத்தி, இரத்தக்குழாய் எங்கே, எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று படம் எடுப்பது. சாயம் போகும்போது உடம்பில் ஒரு சூடு பரவும். அது சில விநாடிகளில் போய்விடும்.

ஆஞ்சியோபிளாஸ்டி: இது சிகிச்சை. தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அதன் மேல் சிறு பலூனை ஏற்றி, அடைப்பு உள்ள இடத்தில் விரிப்பது. நம் மக்கள் 'பலூன் வைத்தார்கள்' என்று சொல்வது இதைத்தான். உண்மையில் பலூன் உள்ளே தங்குவதில்லை. விரித்த பின் வெளியே எடுத்துவிடுவார்கள்.

ஸ்டென்ட்: உள்ளே தங்குவது இதுதான். பலூன் விரிந்த இடம் மீண்டும் சுருங்காமல் தாங்கி நிற்கும் உலோக வலைக்குழல். இப்போது வைக்கப்படும் ஸ்டென்டுகளில் பெரும்பாலானவை, மீண்டும் அடைப்பு வளராமல் தடுக்கும் மருந்து பூசப்பட்டவை. அந்த மருந்து மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும்.

இந்தச் சிகிச்சை எப்படி வந்தது?

இது நேற்று முளைத்த புதுமை அல்ல. 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், யாரும் அனுமதிக்காத நிலையில் தம் கை நரம்பு வழியாகக் குழாயைத் தம் இருதயம் வரை தாமே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படம் எடுத்தார். அன்று கண்டிக்கப்பட்ட அவருக்கு 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் அடைப்பைத் திறந்தது இருதயத்தில் அல்ல, காலில். 1964 ஜனவரி 16-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கால் விரல்கள் அழுகத் தொடங்கிய 82 வயது மூதாட்டி ஒருவர் காலை வெட்ட மறுத்தார். சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் அவருடைய கால் இரத்தக்குழாயைக் கதீட்டரால் விரித்தார். புண் ஆறியது. அதன்பின் வாழ்ந்த காலத்தில் அவர் தம் காலிலேயே நடந்தார்.

1977 செப்டம்பர் 16-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் அண்ட்ரியாஸ் குருன்ட்சிக், 38 வயது நோயாளி ஒருவரின் இருதய இரத்தக்குழாயைப் பலூனால் விரித்தார். உலகின் முதல் இருதய ஆஞ்சியோபிளாஸ்டி அதுவே. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. அவரிடம் பயின்ற மருத்துவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986-இல் இந்தியாவின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். சென்னையில் பணியாற்றிய அவரை இந்தியாவில் ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை என்றே அழைத்தனர். அதே 1986-இல்தான் பிரான்சில் முதன்முதலாக ஸ்டென்ட் வைக்கப்பட்டது.

மாரடைப்பு வேறு, நடந்தால் வரும் வலி வேறு

குடும்பத்தினர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இது இப்போது நடந்துகொண்டிருக்கும் மாரடைப்பா, அல்லது நாள்பட்ட அடைப்பா?" பதிலைப் பொறுத்து எல்லாம் மாறும்.

மாரடைப்பு என்றால், குழாயில் இருந்த கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் திடீரென மூடிக்கொண்டது என்று பொருள். அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை நிமிடத்திற்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். செத்த தசை மீண்டும் வளராது. குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு தசை மிஞ்சும். அதனால்தான், நோயாளி வந்து சேர்ந்த 90 நிமிடத்திற்குள் பலூன் விரிக்கப்பட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகள் வலியுறுத்துகின்றன. கேத் லேப் இல்லாத மருத்துவமனையாக இருந்து, வேறிடத்திற்கு அனுப்பத் தாமதமாகும் என்றால், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியை உடனே போடுவார்கள். "இங்கே ஊசிதான் போட்டார்கள், பலூன் வைக்கவில்லை" என்று குறைபட வேண்டாம். அந்த நேரத்தில் அதுவே சரியான சிகிச்சையாக இருக்கலாம். பிறகு ஆஞ்சியோகிராமுக்கு அனுப்புவார்கள்.

நாள்பட்ட அடைப்பு என்பது வேறு கதை. மேடு ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் சரியாகிறது என்ற நிலை அது. இங்கே யோசிக்க நேரம் உண்டு. 2007-இல் வெளியான 'கரேஜ்' ஆய்வும் 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வும், நிலையான நெஞ்சு வலி உள்ள பலருக்கு, முறையான மருந்துகளோடு ஸ்டென்டையும் சேர்த்ததால் ஆயுள் கூடியதாகக் காட்டவில்லை. வலி குறைவதில் ஸ்டென்டுக்குப் பலன் இருந்தது. ஆகவே இந்த நிலையில், மருந்திலேயே பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது தவறல்ல. ஆனால் இதே கேள்வியை மாரடைப்பு நேரத்தில் கேட்டு இரண்டு மணி நேரத்தை இழப்பது பெருந்தவறு.

சிலருக்கு, குறிப்பாக இனிப்பு நீரோடு மூன்று இரத்தக்குழாயிலும் அடைப்பு இருப்பவர்களுக்கு, மருத்துவர் பைபாஸ் அறுவையைப் பரிந்துரைப்பார். "இந்தக் காலத்திலும் நெஞ்சைத் திறப்பதா?" என்று பலர் தயங்குகிறார்கள். 2012-இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வு இத்தகைய நோயாளிகளை ஐந்தாண்டு கண்காணித்தது. ஸ்டென்ட் வைத்தவர்களைவிடப் பைபாஸ் செய்தவர்களிடையே மரணமும் மாரடைப்பும் குறைவாக இருந்தன. பக்கவாதம் மட்டும் பைபாஸ் செய்தவர்களிடையே சற்று அதிகம். சிறிய துளை என்பதாலேயே ஒரு சிகிச்சை சிறந்ததாகிவிடாது.

உலு திராமிலிருந்து மருத்துவமனைக்கு

உலு திராம், ஜொகூர் பாருவையும் கோத்தா திங்கியையும் இணைக்கும் சாலையில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அந்தச் சாலையின் நெரிசல் ஊரறிந்தது. ஜொகூர் பாரு பக்கம் போகும் வழியில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை உள்ளது. நகருக்குள் உள்ள சுல்தானா அமினா மருத்துவமனையில் இருதயப் பிரிவும் கேத் லேப்பும் உண்டு. சிக்கலான சிலர் கோலாலம்பூரில் உள்ள தேசிய இருதயக் கழகத்திற்கு, அதாவது ஐ.ஜே.என்.-க்கு அனுப்பப்படுவதும் உண்டு.

நெஞ்சு வலி வந்தால் எந்த மருத்துவமனை என்று வீட்டில் விவாதிக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள். எங்கே கொண்டு செல்வது என்பதை ஆம்புலன்ஸ் குழு முடிவு செய்யும். நோயாளியே மோட்டார் சைக்கிளையோ காரையோ ஓட்டிச் செல்லக் கூடாது. வழியில் இருதயத் துடிப்பு தாறுமாறானால் அதைச் சரிசெய்யும் கருவி ஆம்புலன்ஸில் இருக்கும், நம் காரில் இருக்காது. தோட்டத்து லயத்திலோ உட்புறச் சாலையிலோ இருப்பவர்கள், ஒருவரைப் பிரதான சாலை முனையில் நிறுத்தி வழிகாட்டினால் தேடும் நேரம் மிச்சமாகும்.

தாமதத்திற்கு இன்னொரு காரணம், 'காற்றுப் பிடித்துவிட்டது' என்ற நினைப்பு. தைலம் தேய்த்து, சோடா குடித்து, ஏப்பம் வருகிறதா என்று விடியும்வரை காத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். நெஞ்சு நடுவே பாறை வைத்தாற்போன்ற இறுக்கம், தாடை, தோள், இடது கைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை 15 நிமிடம் நீடித்தால் அது காற்று என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே இல்லாமல், களைப்பு, மூச்சு வாங்குதல், மேல் வயிற்று எரிச்சல் என்று மட்டும் மாரடைப்பு வரலாம்.

தூரத்தில் இருப்பவர்களையும் காப்பாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல சான்று உண்டு. அங்கே சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலையாக இணைத்தார்கள். சிறிய மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து, கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது ஏற்பாடு. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தனர். அங்கே புதிய அதிசய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஈ.சி.ஜி., ஊசி, ஆம்புலன்ஸ், கேத் லேப் எல்லாம் ஏற்கெனவே இருந்தவை. அவற்றை வரிசையாக, நேரம் தவறாமல் சேர்த்ததுதான் புதிது. அந்த வரிசையின் முதல் கண்ணி நோயாளியின் வீடு.

ஆபத்தே இல்லையா?

உண்டு. குழாய் நுழைந்த இடத்தில் இரத்தக்கசிவு, வீக்கம், சாயத்தால் ஒவ்வாமை அல்லது சிறுநீரகப் பாதிப்பு, அரிதாகப் பக்கவாதம், மாரடைப்பு, மரணம். ஆனால் மாரடைப்பின்போது எதுவும் செய்யாமல் இருப்பதன் ஆபத்து இவற்றைவிடப் பல மடங்கு பெரியது.

முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வதாக இருந்தால் இவற்றை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்: சிறுநீரகக் கோளாறு, முன்பு சாயத்தாலோ மருந்தாலோ ஏற்பட்ட ஒவ்வாமை, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மின் மாத்திரை, விரைவில் செய்யவிருக்கும் வேறு அறுவை. நாட்டு மருந்தும் லேகியமும் சாப்பிடுவதை மறைக்க வேண்டாம்.

ஸ்டென்ட் வைத்தபின்: மாத்திரைதான் காவல்

ஸ்டென்ட் வைத்து இரண்டு நாளில் வீடு திரும்பியவர் 'சரியாகிவிட்டது' என்று நினைப்பது இயல்பு. குழாயில் ஓர் இடம் திறக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடைப்பை உண்டாக்கிய நோய் அப்படியேதான் இருக்கிறது.

புதிய உலோகத்தின்மேல் இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினோடு குளோபிடோக்ரல் அல்லது டிக்காகிரலோர் போன்ற இரண்டாவது மாத்திரையும் கொடுப்பார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம், நிலையான நோய்க்குப் பொதுவாக 6 மாதம். ஒருவருக்கொருவர் இது மாறும். மருந்து தீர்ந்துவிட்டது, வேலை மாற்றம், ஊருக்குப் போயிருந்தேன் என்று நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைத்துக்கொள்ளலாம். அது முதல் மாரடைப்பைவிட மோசமாக முடியலாம். பல் பிடுங்கச் சென்றாலும், பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும், இருதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். விரத நாளிலும் மாத்திரை உண்டு. தைப்பூசத்திற்குக் காவடி எடுக்க நினைப்பவர்கள், அலகு குத்தினால் இரத்தம் எளிதில் நிற்காது என்பதை அறிந்து, முன்னதாகவே மருத்துவரிடம் பேச வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பலர் 'கொலஸ்ட்ரால் இறங்கிவிட்டது' என்று நிறுத்துகிறார்கள். இறங்கியதே மாத்திரையால்தான். சிகரெட்டை அன்றே விட வேண்டும், 'குறைத்துவிட்டேன்' என்பது போதாது.

கால் புண்ணையும் கவனியுங்கள்

இருதயத்தில் அடைப்பு இருப்பவருக்குக் காலிலும் இருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்காலில் வலி, நின்றால் குறைவது, பாதம் சில்லிட்டு நிறம் மாறுவது, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவை அறிகுறிகள். இனிப்பு நீரால் உணர்ச்சி மரத்த பாதத்தில் செம்பனை முள் குத்தினாலும் தெரியாது. தெரியும்போது விரல் கறுத்திருக்கும்.

சரியான நேரத்தில் சென்றால், கால் இரத்தக்குழாயையும் பலூனால் திறந்து, புண் ஆற வழி செய்து, காலை வெட்டாமல் காப்பாற்றப் பலருக்கு முடிகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய குழாய்கள் மீண்டும் அடைபடுவது உண்டு என்பதால் தொடர் கண்காணிப்பு வேண்டும். விரலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், "காலுக்கு இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, அதைத் திறக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

இதே கதீட்டர் வழியில் இன்று இருதய வால்வு மாற்றுவது, பிறவி ஓட்டையை அடைப்பது, வயிற்றுப் பெருங்குழாயின் வீக்கத்திற்கு உள்ளுறை வைப்பது, பக்கவாதத்தில் மூளைக் குழாயில் சிக்கிய உறைவை இழுத்தெடுப்பது ஆகியவையும் நடக்கின்றன. யாருக்கு எது பொருந்தும் என்பதை நிபுணர்களே முடிவு செய்வார்கள்.

செலவுக்கு எங்கே போவது?

அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் ஸ்டென்ட் போன்ற கருவிகளுக்குத் தனியாகப் பணம் கேட்கப்படலாம். பணம் இல்லை என்று சிகிச்சையை மறுத்துக் கையெழுத்திடுவதற்கு முன் இவற்றை விசாரியுங்கள்:

1. மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவிக்கு வழிசெய்வார்கள்.

2. பெக்கா பி40 திட்டம். 2019-இல் தொடங்கிய இத்திட்டத்தில், குறைந்த வருமானம் பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவச உடல் பரிசோதனையோடு, அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சைக்கான ஸ்டென்ட் முதலிய மருத்துவக் கருவிகளுக்கும் உதவி உண்டு. தகுதியை முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள்.

3. சொக்சோ. நோயால் வேலை செய்ய முடியாமல் போனவர்கள், தகுதி இருந்தால் இயலாமை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம்.

4. ஊழியர் சேமநிதி. கடும் நோய்க்கான சிகிச்சைச் செலவுக்குப் பணம் மீட்கும் வசதி உண்டு.

வீட்டில் இன்றே செய்ய வேண்டியவை

சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமை, முந்தைய ஈ.சி.ஜி., ஸ்டென்ட் வைத்தபோது தரப்பட்ட அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

நெஞ்சு வலி வந்தால் யார் 999-ஐ அழைப்பது, யார் கூடப் போவது என்று பேசி வையுங்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் பாலத்தைக் கடந்து வர மணிக்கணக்காகும். "அவசரம் என்றால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று அவர்கள் பெற்றோரிடம் இன்றே சொல்லி வைக்கட்டும். நோயாளி சுயநினைவோடு இருந்தால் சம்மதம் தர வேண்டியவர் அவரேதான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

40 வயதைத் தாண்டியவர்களும், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தினரும், அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் இரத்த அழுத்தம், இனிப்பு, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, மருத்துவமனையிலிருந்து அந்த அழைப்பு வந்தால் கேட்க வேண்டியது முதலில் இதுதான்: "இப்போது மாரடைப்பு நடக்கிறதா?" ஆம் என்றால், நோயாளியின் சம்மதத்தோடு உடனே வேலை நடக்கட்டும். இல்லை என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மருத்துவரிடம் நிதானமாகக் கேளுங்கள்: மருந்தா, ஸ்டென்டா, பைபாஸா? எனக்கு ஏன் இது?